இரவில் தானாக ஓடும் பம்பு

படகில் ஒரு குழாய்கூடத் திறந்திருக்கவில்லை. எல்லாரும் படுத்தாயிற்று. அப்படியிருந்தும் இரவு 1.10 மணிக்கு, இருக்கைக்கு அடியிலிருந்த தண்ணீர் பம்பு ‘டிர்ர்ர்’ என்று இரண்டு நொடி ஓடி நின்றது. 1.32க்கு மறுபடியும். 1.54க்கு இன்னொரு முறை. நான் 22 ஆண்டுகளாக இரவுப் பணி பார்க்கும் தாதி. உறங்கும் வார்டில் எந்தக் கருவி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கிறது என்பது என் காதில் தானாகவே பதிந்துவிடும். எழுந்து உட்கார்ந்து, கைப்பேசியில் நேரங்களைக் குறிக்கத் தொடங்கினேன். விடியும்வரை இடைவெளி மாறவில்லை. 22 நிமிடம், 22 நிமிடம், 22 நிமிடம்.

சிங்கப்பூரின் சாங்கிக் கடலோரத்தில், புலாவ் உபின் தீவைப் பார்த்தபடி மிதவையில் கட்டியிருக்கும் 33 அடிப் பாய்மரப் படகு அது. 1980களில் கட்டப்பட்டது. நாங்களும் என் கணவருடைய நண்பர் குடும்பமும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். மிதவையில் நிற்கும் படகுக்குக் கரைக் குழாய் கிடையாது. படகுத்துறையில் 20 லிட்டர் கேன்களில் பிடித்து, டிங்கி என்ற சிறு படகில் ஏற்றி, துடுப்புப் போட்டுப் போய், ஒருவர் கீழிருந்து தூக்கிக் கொடுக்க இன்னொருவர் மேலே வாங்கித் தொட்டியில் ஊற்ற வேண்டும். தொட்டி 150 லிட்டர். கரையில் 1,000 லிட்டர் தண்ணீர் சில வெள்ளிக்கு, அதாவது டாலருக்கு, வந்துவிடுகிறது. படகுத் தண்ணீருக்கு விலை கொடுப்பது என் தோள்பட்டை. அதனால்தான் அந்த 22 நிமிடக் கணக்கு எனக்கு உறுத்தியது.

படகின் நன்னீர்ப் பம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அந்த இரவுச் சத்தத்தின் பொருள் விளங்கும். பேட்டரியில் ஓடும் சிறிய பம்பு தொட்டியிலிருந்து தண்ணீரை இழுத்துக் குழாய்களுக்குள் அழுத்தி நிரப்புகிறது. அழுத்தம் 40 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) அளவுக்கு ஏறியதும் அதிலுள்ள சுவிட்ச் மின்சாரத்தை நிறுத்துகிறது. 25 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கியதும் திரும்ப ஓடவிடுகிறது. இவை எங்கள் பம்பின் அளவுகள். யாரும் குழாயைத் திறக்காதபோது பம்பு ஓடினால், உள்ளே அடைத்து வைத்த அழுத்தம் எங்கோ வெளியேறுகிறது என்று பொருள். குழாய் இணைப்பு எதிலாவது வெளியே கசிகிறது, அல்லது பம்புக்குள் இருக்கும் வால்வு சரியாக மூடாமல் தண்ணீர் தொட்டிக்கே திரும்பிப் போகிறது. பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

காலையில் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன். பில்ஜில், அதாவது படகின் அடிக்குழியில், தண்ணீர் நின்றது. கடல்நீரா நன்னீரா என்று உடனே தெரிந்தாக வேண்டும். கடல்நீர் என்றால் கடலே எங்கோ வழியாகப் படகுக்குள் வருகிறது. நாக்கில் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. டீசல் கலந்த தண்ணீரை நான் வாயருகே கொண்டுபோக மாட்டேன். ஒரு குவளையில் மொண்டு துணி துவைக்கும் கட்டிச் சோப்பைத் தேய்த்தேன். கடல்நீரில் கட்டிச் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகத் திரிந்துவிடும். இது நன்றாக நுரைத்தது.

“நல்ல தண்ணீர்தானே, அப்பாடா” என்றார் என் கணவர். நான் அப்படி விடவில்லை. மரத்துக்குக் கடல்நீரை விட நன்னீர்தான் எமன். உப்பில் ஊறிய மரத்தில் அழுகல் பூஞ்சை எளிதில் வளராது. மழைநீரும் குழாய்நீரும் தேங்கும் இடத்தில்தான் மரம் உளுத்துப் போகும். அந்தக் காலத்து மாலுமிகள் மரத்தளத்தைக் கடல்நீரால் கழுவியதில் இந்த நன்மையும் இருந்தது. எங்கள் படகின் உடல் ஃபைபர்தான். ஆனால் உள்ளே தடுப்புகளும் படுக்கைத் தளங்களும் பிளைவுட். சமையல் மேடைக்குக் கீழே, மூலையில், ஸ்க்ரூடிரைவர் முனையை மெதுவாக வைத்து அழுத்தினேன். டீயில் தோய்த்த ரஸ்க்கில் போவது போல அரை அங்குலம் உள்ளே போனது. இழுத்தபோது முனையில் பழுப்பு நார் ஒட்டி வந்தது. இந்தக் கசிவு நேற்று இன்று தொடங்கியது அல்ல.

அடுத்த வார இறுதியில் இரண்டு இரவு அளந்தோம். முதல் இரவு பம்பின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தொட்டியின் மூடியைத் திறந்து எஃகு அளவுகோலை இறக்கித் தண்ணீர் மட்டத்தைக் குறித்தோம். காலையில் மட்டம் மாறவில்லை. ஆகவே தொட்டியில் ஓட்டை இல்லை. மறு இரவு பம்பை இயங்கவிட்டோம். எட்டு மணி நேரத்தில் மட்டம் 7 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. எங்கள் தொட்டியின் நீள அகலத்துக்கு அது நாலு லிட்டருக்குச் சற்று மேல்.

எங்கள் வார்டில் பயன்படுத்தும் ஒரு வகை டிரிப் செட்டில் 20 சொட்டு விழுந்தால் ஒரு மில்லிலிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நிமிடத்துக்கு 3 மில்லி, ஒரு நாளைக்கு 4.32 லிட்டர். எட்டு மணி நேரத்தில் நாலு லிட்டர் போக வேண்டுமானால் நொடிக்கு மூன்று சொட்டு விழ வேண்டும். இது ஏதோ ஓர் இணைப்பு இலேசாக ஈரமாக இருக்கிறது என்கிற அளவு இல்லை. அப்படியானால் இத்தனை சொட்டும் எங்கே விழுகின்றன?

என் கணவர் புதுப் பம்பு வாங்கிவிடலாம் என்றார். நான் என் சித்தப்பாவை அழைத்தேன்.

சித்தப்பா செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் 31 ஆண்டுகள் குழாய்ப் பொருத்துநராக இருந்தவர். இப்போது வயது 70. டிங்கியில் ஏறும்போது யாரும் கைகொடுத்தால் பிடிக்காது. படகுக்குள் வந்து, முழங்காலில் உட்கார்ந்து, பம்பிலிருந்து கிளம்பும் குழாயைக் கண்ணாலேயே தொடர்ந்துகொண்டு போனார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பாப்பா, இந்தப் படகில் அடைக்கிற வால்வு எத்தனை இருக்கிறது?”

ஒன்றுகூட இல்லை என்றேன்.

“அப்படியென்றால் எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று இதனிடம் நீ எப்படிக் கேட்பாய்?”

அன்றைக்கு அவர் எதையும் கழற்றவில்லை. கரைக்குத் திரும்பி மூவரும் ஜாலான் புசார் போனோம். குழாய்ச் சாமான் கடைகள் அங்கே நிறைய. சித்தப்பா சீனக் கடைக்காரரிடம் மலாயில் பேசி நாலு பந்து வால்வுகள் வாங்கினார். கசிவைச் சரிசெய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் வாங்க வேண்டிய பொருள் இதுதான் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். பம்புக்கு அடுத்து ஒன்று. அதன்பின் சமையல் மேடைக்கு, குளியலறைக்கு, இயந்திர அறைப் பக்கம் போகும் மூன்றாவது கிளைக்கு என்று ஆளுக்கொன்று. ஒவ்வொன்றாக மூடி, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தால் படகே பதில் சொல்லிவிடும்.

பம்பை அடுத்த வால்வை மூடினோம். அதற்கு அப்பால் இருக்கும் குழாய்கள் அனைத்தும் துண்டிக்கப்பட்டுவிட்டன. பம்பு ஓடி நின்றது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடி ஓடியது. அப்புறம் நிமிடத்துக்கு ஒருமுறை.

“பார்த்தீர்களா மாமா, பம்புதான் கெட்டுவிட்டது” என்றார் என் கணவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. 22 நிமிடமாக இருந்தது ஒரு நிமிடமாகக் குறைந்துவிட்டதே.

சித்தப்பா தலையாட்டவில்லை. வால்வுக்கு அப்பால் இருக்கும் சிறிய உருண்டைக் கலத்தைக் காட்டினார். அதற்குள் ஒரு ரப்பர்ப் பை, பையைச் சுற்றி அழுத்திய காற்று. பம்பு ஓடும்போது தண்ணீர் பைக்குள் போய்க் காற்றை நெருக்கும். குழாயைச் சிறிது திறந்தால் காற்று தண்ணீரைத் தள்ளிக் கொடுக்கும். பம்பு அடிக்கடி ஓடாமல் இருக்கத்தான் அந்தக் கலம். கசிவுக்கும் அதுதான் இத்தனை நாள் தண்ணீர் கொடுத்து வந்திருக்கிறது. வால்வை மூடியதும் கலமும் துண்டிக்கப்பட்டது. இப்போது பம்புக்கும் வால்வுக்கும் நடுவே இருப்பது ஒரு சாண் குழாயும், எல்போ என்ற பித்தளை வளைவு இணைப்பு ஒன்றும். அந்தச் சின்ன இடத்தில் சில மில்லி போனாலே அழுத்தம் சரிந்துவிடும்.

“பம்பைச் சொல்வதற்கு முன்னால் அந்த எல்போவைக் கேட்டாயா?” என்றார்.

கேட்பதற்கு அவர் கொண்டு வந்திருந்தது சித்தியின் பவுடர் டப்பா. கப்பல் தளத்தில் வெல்டிங் செய்த தையலின் ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுவார்களாம். கண்ணுக்குத் தெரியாத துளை இருந்தாலும் வெள்ளையில் கறுப்பாகக் கோடு விழும். அதே வித்தைதான் இது. எல்போவைத் துணியால் ஈரம் போகத் துடைத்து, பவுடரைக் கையில் கொட்டி ஊதினார். மல்லிகை வாசனை படகு முழுக்கப் பரவியது. டார்ச் அடித்துக்கொண்டு நான் குனிந்து பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, எல்போ பம்புக்குள் நுழையும் விளிம்பின் அடிப்பக்கத்தில், வெள்ளைப் பூச்சில் கடுகளவு சாம்பல் புள்ளி. அது பரவிப் பிறை போல ஆனது. பிறையின் நுனியில் ஒரு சொட்டு திரண்டது. அது நேராக விழவில்லை. பம்பின் அடிப்பாகத்தோடு ஒட்டிக்கொண்டே ஊர்ந்து, ரப்பர்க் கால் வழியாக இறங்கி, பலகை இடுக்கில் மறைந்தது. அந்த இடுக்கு எங்கே போய் முடிகிறது தெரியுமா? சமையல் மேடைக்குக் கீழே, உளுத்துப்போன அதே மூலையில். நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு 60 சொட்டு.

எல்போவைக் கழற்றியபோது அதன் மரையில் வெள்ளை டேப் தடியாகச் சுற்றியிருந்தது. முன்பு வைத்திருந்தவர் நல்ல மனதோடு, மேலும் மேலும் சுற்றியிருக்கிறார். அந்த டேப்பில் ஒரு மெல்லிய பச்சைக் கோடு, மாடிப்படி சுற்றி இறங்குவது போல, மரையின் பள்ளத்தோடு சுற்றிச் சுற்றி வெளியே வந்து முடிந்தது. பித்தளையின் பச்சை. தண்ணீர் நடந்து வந்த பாதை அப்படியே வரையப்பட்டிருந்தது.

சித்தப்பா சட்டைப் பையிலிருந்து மரை அளவியை எடுத்தார். சிறிய சீப்புகளை மடக்கி வைத்தது போன்ற எஃகுத் தகடுகள். ஒன்றை எல்போவின் மரையில் பொருத்திக் காட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. அதே தகட்டை, பம்போடு வந்த பழைய பிளாஸ்டிக் முனையில் வைத்தார். பற்கள் எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது ஒவ்வொரு பல்லுக்கும் பக்கத்தில் மயிரிழை அளவு ஒளி தெரிந்தது.

பம்பு அமெரிக்க மரை, எல்போ பிரிட்டிஷ் மரை. சிங்கப்பூர்க் கடைகளில் ‘அரை அங்குலம்’ என்று கேட்டால் வழக்கமாகக் கிடைப்பது பிரிட்டிஷ் அளவு. அரை அங்குலத்தில் இரண்டு முறைக்கும் ஓர் அங்குலத்துக்கு 14 மரைதான். அதனால்தான் ஒன்று மற்றொன்றுக்குள் முணுமுணுக்காமல் ஏறிவிடுகிறது. ஆனால் மரைப்பல்லின் கோணம் பிரிட்டிஷ் முறையில் 55 பாகை, அமெரிக்க முறையில் 60 பாகை. ஐந்து பாகை வித்தியாசம்! எத்தனை சுற்று டேப் போட்டாலும் பல்லோடு பல் படியாது. இன்னும் இறுக்கினால் பம்பின் பிளாஸ்டிக் வாய் வெடிக்கும். ‘அரை அங்குலம்’ என்ற சொல்லை நான் இனி நம்ப மாட்டேன். பம்பின் பெட்டியோடு வந்த முனையையே பொருத்தினோம். அதில் வாஷர் அடைப்பு; டேப்பே தேவையில்லை, கையால் இறுக்கி மேலும் கால் சுற்று போதும்.

வால்வை மூடி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். சித்தி கட்டிக் கொடுத்த புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் தீர்ந்து, தேநீரும் குடித்து முடிந்தது. பம்பு வாய் திறக்கவில்லை. அதற்குப் பழி போட்டிருந்தால் 200 வெள்ளிக்கு மேல் கொடுத்துப் புதிதாக வாங்கி, அதே எல்போவைத் திருகியிருப்போம்.

ஆனால் பிரதான வால்வைத் திறந்ததும் பம்பு 33 நிமிடத்தில் ஓடியது. அதாவது நொடிக்கு மூன்று சொட்டில் ஒன்றுதான் நின்றிருக்கிறது.

கிளைகளை ஒவ்வொன்றாக மூடினோம். சமையல் மேடைக் கிளையில் அகப்பட்டது வேறு வகை. அங்கே 15 மில்லிமீட்டர் சாம்பல் நிறக் குழாய், அழுத்திச் செருகும் இணைப்பு. இணைப்பின் மேல் யாரோ சிலிக்கான் பசையை அப்பி வைத்திருந்தார்கள். உள்ளிருந்து 40 பிஎஸ்ஐ தள்ளும்போது வெளியே பூசும் பசை என்ன செய்யும்? “புண்ணைக் கழுவாமல் மேலே சட்டை போட்டிருக்கிறான்” என்றார் சித்தப்பா. இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது. வார்டில் ஈரக் கட்டின் மேல் கட்டுப் போடுகிறவர்களை நான் அப்படித்தான் திட்டுவேன். பசையைச் சுரண்டிக் குழாயை உருவினால், நுனி இரும்பறுக்கும் வாளால் சாய்வாக அறுபட்டிருந்தது. பிசிறு அப்படியே இருந்தது. உள்ளே இருந்த ஓ-ரிங்கில், அதாவது கசிவை அடைக்கும் ரப்பர் வளையத்தில், அந்தப் பிசிறு கிழித்த கீறல், தலைமுடி ஒன்று ஒட்டியிருப்பது போல. குழாய்க்குள் செருக வேண்டிய தாங்கு வளையமும் இல்லை. அது இல்லாவிட்டால் மென்மையான குழாய் நாளடைவில் நசுங்கி ஓ-ரிங்கை விட்டு விலகும்.

குழாய் வெட்டியால் நேராக வெட்டினோம். உள்ளும் வெளியும் பிசிறு சீவினோம். புது ஓ-ரிங், தாங்கு வளையம், துளி சிலிக்கான் கிரீஸ். இந்த இடத்தில் வாசலின் தடவக் கூடாது. நன்னீர் இணைப்புகளில் பெரும்பாலும் வரும் ரப்பரைப் பெட்ரோலிய எண்ணெய் ஊதவைத்துவிடும். குழாய் எவ்வளவு ஆழம் உள்ளே போக வேண்டும் என்று முன்கூட்டியே பென்சிலால் கோடிட்டு, கோடு மறையும்வரை அழுத்தினோம். பாதியில் ‘க்ளிக்’ என்று ஒரு தடை வரும். அதை முடிவு என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். கோடு இருந்தால் கண் ஏமாறாது.

குழாய் நுனிகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்புகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 16 இருந்தன. பட்டை பளபளவென்று இருக்கும்; திருகாணி மட்டும் சாதா இரும்பாக இருக்கும். காந்தத்தைக் கொண்டுபோனால் திருகாணியில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியவை ஒன்பது. பேதம் பார்க்காமல் எல்லாவற்றையும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினோம். விறைத்துப்போன குழாய் நுனிகளைச் சுடுநீரில் ஒரு நிமிடம் வைத்தால் இளகிக்கொடுக்கும்.

கழற்றும்போது குழாய்களிலிருந்து வடிந்த தண்ணீரைச் சித்தப்பா ஒரு வாளியில் பிடித்துக்கொண்டே வந்தார். பில்ஜில் விடச் சொன்னேன், விடவில்லை. 1963இல் சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது அவருக்கு எட்டு வயது. பாட்டியோடு தகர டின்னைத் தூக்கிக்கொண்டு நின்ற வரிசை அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பங்கீடு அடுத்த ஆண்டின் தொடக்கம்வரை நீடித்தது. வாளித் தண்ணீரில் அன்று சாப்பிட்ட பாத்திரங்களை அவரே கழுவினார்.

மாலைக்குள் பம்பின் இடைவெளி 50 நிமிடமானது. மிச்சம் மூன்றாவது கிளை. அந்த வால்வை மூடினால் அமைதி; திறந்தால் 50 நிமிடம். ஆனால் அந்தக் கிளையில் திறந்து மூடும் குழாய் எதுவும் இல்லையே! குளியலறையும் சமையல் மேடையும் தவிரப் படகில் தண்ணீர் வரும் இடம் வேறு கிடையாது. இதைப் பிடிக்க இன்னொரு வார இறுதி ஆனது. என் கணவர்தான் கண்டுபிடித்தார். இயந்திர அறைக்குள் தலைகீழாக இறங்கி, இயந்திரத்துக்குப் பின்னால் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டே வந்தார். ஏழாவது படத்தில், தடுப்புச் சுவரோடு ஒட்டி, எங்கும் போகாமல் நின்றுபோன ஒரு குழாய். முனையில் பிளாஸ்டிக் அடைப்பு. எந்தக் காலத்திலோ அங்கே வெந்நீர்க் கலம் ஒன்று இருந்திருக்கிறது. கலத்தைக் கழற்றியவர்கள் குழாயை அப்படியே விட்டு முனையை மூடிவிட்டார்கள். இயந்திரம் ஓடும்போதெல்லாம் சூடேறி, நின்றதும் ஆறி, அந்த அடைப்பு குறுக்காக விரிசல் விட்டிருந்தது. விழுந்த தண்ணீர் இயந்திரத்தின் கீழ்த்தட்டில் சேர்ந்து காய்ந்து கொண்டிருந்தது. அதனால்தான் பில்ஜில் நாங்கள் பார்த்த தண்ணீர் எப்போதும் கணக்குக்குக் குறைவாகவே இருந்தது.

புது அடைப்புப் போடவில்லை. கிளை பிரியும் இடத்திலேயே குழாயை எடுத்துவிட்டோம். உபயோகம் இல்லாத குழாயில் நிற்கும் தண்ணீர் நாட்பட்டுக் கெடும். அதுவே எடுத்துவிடப் போதுமான காரணம். வால்வு ஒன்று மிச்சமானது. அதைக் குளியலறைக் கிளையில், ஷவருக்கு முன்னால் வைத்தோம்.

இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. படகை விட்டு இறங்கும்போது பம்பின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் இறங்குகிறோம். ஆளில்லாத படகில் ஓர் இணைப்பு கழன்றால், தொட்டி முழுக்கப் பில்ஜுக்குள் போய்விடும்; அழுத்தம் ஏறாததால் பம்பு நிற்காமல் ஓடி, பில்ஜ் பம்புக்கும் வேண்டிய பேட்டரியைத் தீர்த்துவிடும். அதன்பின் மழைநீர் வந்தாலும் கடல்நீர் வந்தாலும் இறைக்க ஆளில்லை.

போன சனிக்கிழமை இரவு படகில் தங்கினோம். சாங்கிக்கு இறங்கும் விமானங்களின் ஒலி, உபின் பக்கம் ஒரு மோட்டார் படகு, கயிறு இறுகும் முனகல். பம்பு 1.10க்கு ஓடவில்லை. 2 மணிக்கும் ஓடவில்லை. 4.35க்கு ஒருமுறை ஓடியது. எழுந்து போய் ஷவரின் கைப்பிடிக்குக் கீழே வைத்திருந்த டிஷ்யூவைப் பார்த்தேன். நடுவில் ஐம்பது காசு அளவுக்கு ஈர வட்டம். அந்தக் கைப்பிடிக்குள் இருக்கும் வாஷர் ஜாலான் புசாரில் கிடைக்கவில்லை, வரவழைக்கச் சொல்லியிருக்கிறோம். ஷவர் வால்வை மூடிவிட்டுப் படுத்தேன். காலை ஏழரை மணிக்குத் தேநீருக்குத் தண்ணீர் பிடிக்கக் குழாயைத் திறந்தபோதுதான் பம்பு அடுத்து ஓடியது.